பராகுவே தீர்த்துவைத்த வீட்டுப் பிரச்சினை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒரு மனிதருக்குத் ‘தாங்க்யூ’ சொன்னேன். அதோடு அவர் எனக்குக் குடிக்கக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

மரியாதையாக இருந்ததற்குத் தண்டனையா? ஆமாம். அப்படியும் ஒரு நாடு இருக்கிறது. பெயர் பராகுவே.

விவரமாகவே சொல்லிவிடுகிறேன். சார்ஜா முவைலாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஃபுட்பால் கிரவுண்ட் உண்டு. சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அங்கே பிள்ளைகளுக்குக் கோச்சிங். என் மகள் நிலா போகிறாள். எங்கள் எதிர்வீட்டு ஆரணியும் போகிறாள். இரண்டு பேருக்கும் ஒன்பது வயது. பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நன்றாக உதைக்கிறார்கள்.

ஆரணியின் அப்பா குகன். யாழ்ப்பாணத்துக்காரர். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர். சார்ஜாவிலேயே ரோலா பகுதியில் எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அவருடையது. ஒன்றரை வருஷப் பழக்கம். சனிக்கிழமைகளில் அவருடைய காரில்தான் போவோம். பின்சீட்டில் பிள்ளைகள், முன்சீட்டில் நாங்கள் இருவர்.

கோச்சின் பெயர் டேரியோ. முப்பத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகளை ‘யல்லா, யல்லா’ என்று அரபியில் விரட்டுவார். ‘பஹுத் அச்சா’ என்று இந்தியில் பாராட்டுவார். கோபம் வந்தால் மட்டும் யாருக்கும் புரியாத ஏதோ ஒரு மொழிக்குப் போய்விடுவார். ஸ்பானிஷாக இருக்கும் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். அது ஸ்பானிஷ் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

கோச்சிங் முடிந்ததும் டேரியோ நிழலில் உட்கார்ந்து ஒரு பெரிய தெர்மாஸைத் திறப்பார். உள்ளே ஐஸ் தண்ணீர். அதில் கசக்கிப் போட்ட புதினாவும் எலுமிச்சைப் புல்லும். கூடவே மாட்டுக் கொம்பில் செய்த ஒரு குவளை. குவளை முக்கால்வாசி பச்சை நிறத்தில் ஏதோ இலைத்தூள். அதில் செருகிய ஓர் உலோக ஸ்ட்ரா. குவளையில் தண்ணீரை ஊற்றி, சுற்றி உட்கார்ந்திருக்கும் பெற்றோரில் ஒருவரிடம் நீட்டுவார். அவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். மறுபடி ஊற்றி அடுத்தவருக்கு. இந்தச் சடங்குக்குத் தெரெரே என்று பெயர்.

கவனித்தீர்களா? ஒரு குவளை. ஒரு ஸ்ட்ரா. ஐந்து வாய்.

நானோ, செம்பில் உதடு பட்டால் முதுகில் ஒன்று விழும் வீட்டில் வளர்ந்தவன். விருதுநகர்ப் பக்கம். அண்ணாந்து குடிப்பதில் எங்கள் குடும்பமே எக்ஸ்பர்ட். அந்தச் சனிக்கிழமை முதன்முதலாகக் குவளை என் கைக்கு வந்ததும் என்ன செய்தேன்... நாசூக்காக ஸ்ட்ராவை உருவி ஓரமாக வைத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, குவளையைக் கவிழ்த்தேன்.

தண்ணீர் மட்டும் வரும் என்று நினைத்தேன். தூளும் வந்தது. மூக்கு, கண்ணாடி, சட்டை என்று எல்லா இடத்திலும் பச்சை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்ட்ராவின் அடியில் சல்லடை மாதிரி துளைகள் இருக்கின்றன, அதுதான் தூளைத் தடுக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஸ்ட்ராவை அசைப்பதே அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவாம்.

டேரியோ கோபித்துக்கொள்ளவில்லை. புதிதாகத் தூள் போட்டு, மறுபடி ஊற்றிக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை வைத்து, உறிஞ்சினேன். கசப்பு. ஆனால் அந்த வெயிலுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. இன்னும் நாலு குவளை உள்ளே போகும் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்... “தாங்க்யூ கோச்.”

அவ்வளவுதான். அடுத்த சுற்றில் குவளை என்னைத் தாண்டிப் போனது. அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. குகன் மூன்றாவது குவளையை அனுபவித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன குகன், எனக்கு மட்டும் இல்லையா?”

“நீங்கள்தானே அண்ணை வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்.”

“நான் எப்ப சொன்னேன்?”

“தாங்க்யூ எண்டு சொன்னீங்களெல்லே. அவையின்ரை ஊரிலை தாங்க்யூ எண்டால் போதும், இனி வேண்டாம் எண்டு அர்த்தமாம். இன்னும் வேணுமெண்டால் பேசாமல் குவளையைத் திருப்பிக் குடுக்க வேணும்.”

எப்படி இருக்கிறது பாருங்கள். அன்று முதல் தெரெரே விஷயத்தில் நான் நன்றி கெட்டவன்.

பராகுவே பற்றி அதுவரை எனக்கு என்ன தெரியும்? அது உருகுவே இல்லை என்பது மட்டும் தெரியும். மற்றதெல்லாம் டேரியோ சொல்லித்தான். பிரேசில், அர்ஜென்டினா, பொலிவியா – மூன்றும் சுற்றி வளைத்துக்கொண்டதால் கடல் என்பதே கிடையாது. ஆனால் கப்பல்படை உண்டு. கடல் இல்லாமல் கப்பல்படையா என்று சிரித்தேன். “எங்கள் ஆற்றை நீங்கள் பார்த்ததில்லை” என்றார் டேரியோ. தலைநகரம் அசுன்சியோனே ஆற்றங்கரையில்தான் இருக்கிறதாம். ஆற்றோடு போய்க்கொண்டே இருந்தால் அர்ஜென்டினா வழியாகக் கடல் வந்துவிடும். டேரியோ முதன்முதலில் கடலைப் பார்த்தது பத்தொன்பது வயதில். வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டுத் துப்பினாராம்.

அவர்கள் கொடிக்கு முன்பக்கம் ஒரு சின்னம், பின்பக்கம் வேறு சின்னம். ஒரு பக்கம் நட்சத்திரம், மறுபக்கம் சிங்கம். கிறிஸ்துமஸுக்கு வியர்த்துக் கொட்டும். மரவள்ளிக்கிழங்கு இல்லாமல் சாப்பாடு கிடையாது. ‘பராகுவே சூப்’ என்று ஒன்று உண்டு... ஒரு நாள் கொண்டுவருகிறேன் என்று டேரியோ சொன்னதால் என் மனைவி சுமதி வீட்டிலிருந்து ஸ்பூன் கொடுத்தனுப்பினாள். வந்தது கேக். சோள மாவு, வெங்காயம், பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த கேக். அதன் பெயர்தான் சூப். கேள்வி கேட்காமல் சாப்பிட்டேன். அருமை.

இலைத்தூள் சார்ஜாவில் எப்படிக் கிடைக்கிறது? சிரியாக்காரர் மளிகைக் கடையில். அவர்களும் இதே தூளைச் சுடச்சுடக் குடிப்பார்களாம். கல்ஃபில் எந்த ஊர்ப் பொருளையும் வேறு ஏதோ ஓர் ஊர்க்காரர்தான் விற்பார் என்பது உங்களுக்கும் தெரிந்ததுதானே?

முக்கியமான விஷயம் அவர்கள் மொழி. ஸ்பானிஷோடு இன்னொரு மொழியும் அங்கே ஆட்சிமொழி. குவாரனி. அந்த மண்ணின் மொழி. அவர்கள் நாணயத்தின் பெயரும் அதுதான். தண்ணீருக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துதான். அதைச் சொல்ல முயன்று நானும் குகனும் தோற்றோம். டேரியோ கோபத்தில் பேசுவதும் குவாரனிதான். காதலையும் கெட்ட வார்த்தையையும் ஸ்பானிஷில் சொன்னால் சப்பென்று இருக்குமாம்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். இனி என் வீட்டுப் பிரச்சினைக்கு வருகிறேன்.

தெரெரே சம்பவம் நடந்த அதே வாரம், ரோலாவில் எங்கள் பில்டிங்கின் கீழே ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பழைய பில்டிங், பராமரிப்பு வேலை செய்ய வேண்டும், எல்லோரும் காலி செய்யுங்கள். மூன்று மாத அவகாசம்.

வீடு மாறுவது இங்கே எங்களுக்கெல்லாம் புதிதா என்ன? இந்தப் பதினாறு வருஷத்தில் எனக்கு இது ஏழாவது ஜாகை. ஆனால் இந்த முறை நோட்டீஸைப் படித்ததும் கவலை வந்தது. வீட்டுக்காக இல்லை. எதிர்க் கதவுக்காக.

சுமதி நர்ஸ். ஷிஃப்ட் டூட்டி. நான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு ஏசி டக்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வர ஏழு மணி ஆகும். ஸ்கூல் பஸ் மூன்றரைக்கே நிலாவை இறக்கிவிடும். மூன்றரையிலிருந்து ஏழு வரை அவள் குகன் வீட்டில்தான் இருப்பாள். குகனின் மனைவி பிரமிளா அவளுக்குச் சோறு போடுவார், ஹோம்வொர்க் பார்ப்பார், தேவைப்பட்டால் திட்டவும் செய்வார். பிரமிளாவின் பிரஷர் மாத்திரை எப்போது தீரும் என்பது சுமதிக்கு மனப்பாடம். எங்கள் சாவி அவர்கள் வீட்டு ஆணியில் தொங்கும். அவர்கள் சாவி எங்கள் வீட்டு ஆணியில். போன் செய்யாமல் போய்க் கதவைத் தட்டக்கூடிய ஒரே வீடு, இந்த தேசத்தில் எனக்கு அதுதான்.

அன்று மாலை லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன். குகன் ஏறி வந்தார்.

“அண்ணை, நோட்டீஸ் பாத்தனீங்களே?”

“பாத்தேன் குகன்.”

“நாங்கள் முவைலாப் பக்கம் வீடு பாப்பம் எண்டு யோசிக்கிறன். கிரவுண்டும் கிட்ட. பிள்ளையளுக்கும் சுகம்.”

நாங்கள். எனக்கு அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

என் அப்பா தமிழாசிரியர். ‘நாம்’ வர வேண்டிய இடத்தில் ‘நாங்கள்’ என்று எழுதினால் எங்கள் வீட்டில் காது திருகப்படும். நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. குகன் ‘நாங்கள்’ என்றார். அதாவது அவர், பிரமிளா, ஆரணி. முடிவு எடுத்துவிட்டார்கள். எனக்குத் தகவல் சொல்கிறார்.

நான் என்ன சொல்ல முடியும்? “நல்ல ஏரியாதான். பாருங்க குகன், நல்லதா அமையும்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். குகன் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தார். “சரி அண்ணை” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. மூன்று மாடி ஏறிய மூச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

சுமதியிடம் சொன்னேன்.

“ஏங்க, நம்மளும் அங்கேயே பாக்கலாம்ல? ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“அவங்க பிளான் பண்ணிட்டாங்க சுமதி. நாம போய் ஒட்டிக்கிட்டா நல்லாவா இருக்கும்?”

“ஒட்டிக்கிறதா? தினம் சாயந்தரம் உங்க பொண்ணு அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கா.”

கேட்டிருக்கலாம்தான். ஏன் கேட்கவில்லை? கல்ஃப் எனக்குப் பழக்கிய புத்தி அப்படி. கத்தாரில், ராஸ் லஃபானில் நாலு வருஷம் கேம்ப்பில் இருந்தேன். ரூமில் ஆறு பேர். யாராவது ஒருவன் சைட் மாறிப் போவான், ஒருவன் லீவில் போய்த் திரும்பி வரவே மாட்டான். முதல் இரண்டு பேர் போனபோது மனசு கஷ்டமாக இருந்தது. அப்புறம் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கை கொடுப்போம், ‘டீக் ஹை பாய், கலாஸ்’ – சரி, முடிந்தது – என்போம், அன்று இரவே அந்தக் கட்டிலில் பெட்டியை ஏற்றி வைப்போம். எங்கே போகிறாய், என்னையும் கூப்பிடுவாயா என்று யாரும் யாரையும் கேட்க மாட்டோம். கேட்டால் இல்லை என்று பதில் வருமோ என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

வீம்பாக அஜ்மான் பக்கம் வீடு தேடினேன். கிடைத்தும் விட்டது. பக்கத்திலேயே ஒரு டியூஷன் சென்டர், பள்ளி விட்டதும் நிலா அங்கே இருந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன்.

நிலாவிடம் விஷயத்தைச் சொன்னோம். “ஓகே டாடி. ஃபைன்” என்றாள். அவள் முழுக்க இங்கிலீஷில் பேசினால் அழப்போகிறாள் என்று அர்த்தம்.

நோட்டீஸுக்குப் பிறகு வந்த மூன்று சனிக்கிழமைகளும் குகனின் காரில் ரேடியோதான் பேசியது. பின்சீட்டில் பிள்ளைகள் கிசுகிசுத்துக்கொண்டார்கள்.

கையெழுத்துக்கு முந்தைய நாள். கோச்சிங் முடிந்தது. வழக்கம்போல் நிழல், தெர்மாஸ், கொம்புக் குவளை. டேரியோ எல்லாப் பெற்றோரையும் பார்த்து அறிவித்தார்.

“நெக்ஸ்ட் சாட்டர்டே வீ கோ டு உம் அல் குவைன். மேட்ச். சிக்ஸ் ஓ கிளாக்.”

ஒரு மலையாளி அப்பா கையைத் தூக்கினார். “கோச், ‘வீ’ன்னா யாரு? பேரண்ட்ஸும் பஸ்ஸில வரலாமா?”

டேரியோ நெற்றியில் அடித்துக்கொண்டார். இங்கிலீஷில் இதுதான் தொல்லை என்றார். ஸ்பானிஷிலும் இதே தொல்லையாம். “குவாரனியில் இந்தக் கேள்வியே வராது. ‘ஞாந்தே’ என்று சொன்னால் கேட்கிற நீங்களும் உண்டு. ‘ஒரே’ என்று சொன்னால் நீங்கள் கிடையாது, நாங்கள் மட்டும். பஸ்ஸில் இடமில்லை. அதனால் அடுத்த வாரம் ‘ஒரே’. நீங்கள் உங்கள் காரில் வாருங்கள்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உலகத்தின் அந்தக் கோடியில், கடலே இல்லாத ஒரு நாட்டில், நாமும் நாங்களும் தனித்தனியாக இருக்கின்றனவா? அதிலும் ‘ஞாந்தே’ என்றால் மலையாளம் மாதிரி காதில் விழுகிறது. ‘ஒரே’ என்றால் நமக்கு ஒன்றே ஒன்று... அவர்களுக்கு நீ வேறு, நான் வேறு!

சும்மா இருப்பேனா? தமிழாசிரியர் மகன். கிரவுண்டில் கிடந்த நாலு ஆரஞ்சுக் கூம்புகளை இழுத்துப் போட்டேன். நாலையும் ஒன்றாக வைத்து, “திஸ் இஸ் நாம்” என்றேன். ஒன்றை மட்டும் தள்ளி வைத்து, “திஸ் இஸ் நாங்கள்” என்றேன். தள்ளி நிற்கிற கூம்புதான் கேட்பவர் என்று விளக்கினேன். டேரியோ எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

குகன் தன் முறைக்குக் காத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குவளையை வாங்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

“அது உங்கடை ஊரிலை அண்ணை. எங்கடை பேச்சிலை அப்பிடிப் பிரிக்கிறேல்லை.”

“எப்படி?”

“நாங்கள் எண்டால் எல்லாருந்தான். ‘நாம்’ எண்டு வீட்டிலை ஆர் கதைக்கிறது? மேடையிலை பேசேக்கை, புத்தகத்திலை எண்டால் சரி.”

நான் கூம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். தள்ளி வைத்திருந்த அந்த ஒற்றைக் கூம்பை.

“குகன்... அன்னைக்குப் படியில, ‘நாங்கள் முவைலாப் பக்கம் வீடு பாப்பம்’னு சொன்னீங்களே.”

“ஓம்.”

“அதுல நானும் உண்டா?”

குகன் குவளையைக் கீழே வைத்தார்.

“வேறை ஆர் அண்ணை? தனியப் போறதெண்டால் உங்களிட்டை ஏன் வந்து கேக்கிறன்? நீங்கள் ‘பாருங்க, நல்லதா அமையும்’ எண்டு சொல்லிப்போட்டு இறங்கிப் போட்டியள். பிரமிளா அண்டைக்குச் சாப்பிடேல்லை. ‘அவைக்கு எங்களோடை இருக்க விருப்பமில்லைப் போல’ எண்டு சொன்னவ.”

அவர் நிறுத்தவில்லை. மூன்று வாரம் ரேடியோ கேட்ட மனிதர்.

“இது மட்டுமே? நாங்கள் ஒரு நாளைக்குக் கோர்ஃபக்கான் போவம் எண்டு எத்தினை தரம் கேட்டனான்?”

கேட்டார். நன்றாக நினைவிருக்கிறது. நான் சொன்ன பதிலும் நினைவிருக்கிறது. ‘போயிட்டு வாங்க குகன், கடல் அருமையா இருக்கும்.’

“தைப்பொங்கலுக்கு, நாங்கள் பால்கனியிலை பொங்குவம் எண்டு கேட்டன்.”

அதற்கும் பதில் சொல்லியிருந்தேன். ‘வாட்ச்மேன் பாத்தா சத்தம் போடுவான், பாத்துப் பண்ணுங்க.’

ஒன்றரை வருஷமாக ஒரு மனிதர் என்னை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நானும் ஒன்றரை வருஷமாக அவரை வழியனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறாரே என்று எனக்குள் ஒரு குறை வேறு.

“சரி, கோர்ஃபக்கான் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“போகேல்லை அண்ணை. நீங்கள் வரேல்லை எண்டாப் பிறகு தனியப் போய் என்னத்துக்கு?”

கண் கலங்கிவிட்டது. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வியர்வையைத் துடைப்பது போல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

டேரியோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. “ப்ராப்ளம்?” என்றார். குகன் அவருக்கு ஆங்கிலத்தில் முழுக்கதையும் சொன்னார். டேரியோ சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறு” என்றார். அவருடைய அண்ணனுக்குக் கல்யாணம் ஆன புதிது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். அடுத்த மாதம் நகரத்துக்குக் குடி போகிறோம் என்று அண்ணன் சொன்னானாம். சொன்னது ‘ஒரே’ போட்டு. அவனும் அவன் மனைவியும் மட்டும். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். “என் அம்மாவுக்குத் தெளிவாகப் புரிந்தது. அதனால் அழுதாள். உனக்குத் தப்பாகப் புரிந்தது, நீ அழுகிறாய். உன்னுடையது பரவாயில்லை. போய்ச் சரி செய்.”

காரில் திரும்பும்போது ரேடியோவைக் குகனே அணைத்தார்.

இதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. டேரியோவிடம் நான் எதையும் இரண்டு தடவை கேட்கிறேன். சூப் என்றால் என்ன, தாங்க்யூ என்றால் என்ன, ஸ்ட்ராவைத் தொடலாமா கூடாதா... எல்லாம் கேட்கிறேன். ஏனென்றால் அவர் மொழி எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். குகனிடம் ஒன்றும் கேட்டதில்லை. அவர் பேசுவது தமிழாயிற்றே, எனக்குத் தெரியாததா? இங்கே நிறைய மனத்தாங்கல்கள் இந்தத் திமிரில்தான் முளைக்கின்றன என்று சந்தேகப்படுகிறேன். கணவன் மனைவிக்குள்ளும்கூட. உங்கள் வீட்டில் எப்படி?

மதியம் சுமதி டூட்டி முடிந்து வந்தாள். சொன்னேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேராகப் போய் எதிர்க் கதவைத் தட்டினாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். பிரமிளா கதவைத் திறந்தார். குகன் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு சுமதியிடம் கேட்டார்.

“உங்கடை ஆளுக்குத் தமிழ் விளங்காதோ அக்கா?”

தமிழாசிரியர் மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இதை இன்னும் ஊரில் அப்பாவுக்குச் சொல்லவில்லை. அப்புறம் நாலு பேரும் உட்கார்ந்து டீ குடித்தோம். சுமதியும் பிரமிளாவும் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் எழுந்து வந்து என்ன என்று கேட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் நிலா ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்போ நம்ம ஒரே பில்டிங்கா?” என்றாள். தமிழில் கேட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அஜ்மான் ஏஜெண்டுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர். “மாஃபி முஷ்கில் பாய்” என்று வைத்துவிட்டார். பிரச்சினை இல்லையாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோர்ஃபக்கான் போனோம். இரண்டு குடும்பமும். டேரியோவையும் கூப்பிட்டோம். பிள்ளைகள் அலையில் விழுந்து புரண்டார்கள். கடல் இல்லாத நாட்டுக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பிள்ளைகள் ஆழத்துக்குப் போகாமல் ‘யல்லா, யல்லா’ என்று கரைக்கு விரட்டிக்கொண்டே இருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு எந்தக் குறையும் இல்லாமல் மணலில் படுத்திருந்தேன்.

வீடும் கிடைத்துவிட்டது. முவைலாவில்தான். கிரவுண்டுக்கு நடந்தே போகலாம். நாலாவது மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகள் காலியாக இருந்தன. லிஃப்ட் வேலை செய்கிறது. போன வாரம் நாலு பேரும் போய்ப் பார்த்தோம். வாட்ச்மேன் இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டார்.

ஒரு வீட்டின் சமையலறை பெரியது. ஜன்னல் உண்டு, வெளிச்சம் உண்டு. இன்னொரு வீட்டின் சமையலறையில் ஃப்ரிட்ஜை வைத்தால் ஆள் வெளியே நின்றுதான் சமைக்க வேண்டும். சுமதியும் பிரமிளாவும் பெரிய சமையலறையின் நடுவில் நின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குகன் என் பக்கத்தில் வந்து தொண்டையைக் கனைத்தார்.

“அண்ணை, இந்தப் பெரிய குசினி வீட்டை நாங்கள் எடுப்பம்.”

நான் பாடம் கற்றவன் இல்லையா? இந்த முறை கேட்டுவிட்டேன்.

“எந்த நாங்கள், குகன்? ஞாந்தேயா, ஒரேயா?”

குகன் தலையைச் சொறிந்தார். “இது... ஒரேதான் அண்ணை.”

சுமதி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்த மொழியிலும் இரண்டு அர்த்தம் கிடையாது.